சின்னப் பட்டறையில் அலுமினியம், பித்தளை, கன்மெட்டல் உருக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சொந்தமாக ஒரு சின்ன ஃபவுண்டரி போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த உலோகம் எத்தனை டிகிரியில் உருகும் என்பதைத்தான். அதை இங்கேயே சொல்லிவிடலாம். எல்லாம் செல்சியஸ் கணக்கு: வெள்ளீயம் 232, ஈயம் 327, துத்தநாகம் 420, அலுமினியம் 660, வெள்ளி 962, தங்கம் 1064, செம்பு 1085, வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1150 முதல் 1200, தூய இரும்பு 1538. பித்தளை, துத்தநாகத்தின் அளவைப் பொறுத்து 900க்கும் 950க்கும் நடுவில்.

இந்த எண்களால் யாருக்கும் நஷ்டம் வருவதில்லை. நஷ்டம் வருவது, உருகிய உலோகம் அச்சுக்குள் போகும் முன் கெட்டுப்போவதால். அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சி உள்ளே ஓட்டை ஓட்டையாகிறது. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் புகையாகப் போய்விடுகிறது. செம்புக் கலவைகள் ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் கெடுகிற வழி வேறு என்பதால் காப்பாற்றுகிற வழியும் வேறு. ஒரு ஹீட்டுக்கு (ஒரு முறை உருக்குவதற்கு) 50 முதல் 100 கிலோ வரை, டீசலிலோ எல்பிஜியிலோ ஓடும் குரூசிபிள் உலை (வெப்பம் தாங்கும் பாத்திரத்தில் உலோகத்தை வைத்து உருக்கும் உலை), மண் அச்சு: இந்த அளவுக்கான வழிகாட்டி இது.

1. ஒரே ஒரு உலோகத்தில் தொடங்குங்கள்

அலுமினியமும் செய்வோம், கன்மெட்டலும் (வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் சேர்ந்த செம்புக் கலவை) செய்வோம் என்று முதல் மாதமே போர்டு மாட்டாதீர்கள். கன்மெட்டலில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு (0.01%) அலுமினியம் கலந்தாலே போதும், வால்வு பாடி பிரஷர் டெஸ்டில் கசியும். ஒரே குரூசிபிள், ஒரே கரண்டி, ஒரே ஸ்கிராப் மூலை என்று வைத்திருந்தால் இந்தக் கலப்பைத் தடுக்கவே முடியாது. இரண்டும் செய்தே ஆக வேண்டும் என்றால் குரூசிபிள், குறடு, கசடு அள்ளும் கரண்டி எல்லாம் இரண்டு செட் வாங்கி, பெயின்ட் அடித்துப் பிரித்து வையுங்கள்.

புதியவர்களுக்கு அலுமினியம் நல்ல தொடக்கம். ஆனால் குறைந்த டிகிரியில் உருகுவதால் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு கிலோ அலுமினியத்தை உருக்க, ஒரு கிலோ செம்பை உருக்குவதைவிட ஒன்றரை மடங்கு வெப்பம் வேண்டும். 660 டிகிரி வந்த பிறகும் திடத்திலிருந்து திரவமாக மாற அது நிறைய வெப்பத்தைக் குடிக்கும். பைரோமீட்டர் (உலை வெப்பம் காட்டும் கருவி) அங்கேயே நின்றுகொண்டிருக்கும். பர்னரில் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, பொறுங்கள்.

2. உலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் காகித வேலை

வரிசை முக்கியம். இடம், அனுமதி, அதற்குப் பிறகுதான் உலை. தலைகீழாகச் செய்தவர்கள், அனுமதி கிடைக்காத இடத்தில் உலையை இறக்கி வைத்துவிட்டு மாதக்கணக்கில் வாடகை கட்டுகிறார்கள்.

இடம்: அந்த சர்வே எண் தொழில் உபயோக நிலமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நாலு ஒர்க்ஷாப் ஓடுகிறது என்பது சான்று ஆகாது. வாடகை ஒப்பந்தத்தில் உலோகம் உருக்கும் வேலை நடக்கும் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பொதுவாகத் தொழில் உபயோகம் என்று மட்டும் இருந்தால், புகை பற்றிப் புகார் வரும் நாளில் உரிமையாளர் கை விரித்துவிடுவார்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு): ஆதார், பான் இரண்டும் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எல்லாம் இடைத்தரகர் தளம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: இரண்டு கட்டம். நிறுவுவதற்கான இசைவாணையை உலை வைக்கும் முன்பும், இயக்குவதற்கான இசைவாணையை உற்பத்தி தொடங்கும் முன்பும் வாங்க வேண்டும். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் வரும். நிலப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், இட வரைபடம், உற்பத்தி முறையின் வரைபடம், உலையின் கொள்ளளவு, எரிபொருள், மாதம் எத்தனை டன், புகைபோக்கி விவரம், முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்று ஆகியவை தயாராக இருக்கட்டும். கட்டணம் முதலீட்டையும் தொழிலின் வகையையும் பொறுத்தது. வரைபடத்தில் காட்டிய புகைபோக்கியும் தூசி பிடிக்கும் அமைப்பும் ஆய்வு நாளில் அப்படியே இருக்க வேண்டும். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டாவது இசைவாணை அங்கேயே நிற்கும். இந்தக் கட்டத்துக்குச் சில மாதங்களை ஒதுக்கி, அதுவரை வாடகையும் வட்டியும் தாங்குமா என்று பாருங்கள்.

உள்ளாட்சி உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, தொழிற்சாலைப் பதிவு இவையெல்லாம் ஆள் எண்ணிக்கையையும் மின்திறனையும் பொறுத்தவை. மாவட்டத் தொழில் மையத்தில் ஒற்றைச் சாளர முறையில் ஒரே இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். பித்தளைக் கசடு, ஈயச் சாம்பல் போன்றவை அபாயக் கழிவு விதிகளில் வரும். கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, அனுமதி உள்ளவருக்கே கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

ஜிஎஸ்டி: ஸ்கிராப் வாங்குகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத பழைய இரும்புக்கடைக்காரரிடம் பதிவுள்ள நீங்கள் உலோக ஸ்கிராப் வாங்கினால், அதற்கான வரியை நீங்களே கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பது இதுதான். கட்டியதைப் பிறகு உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், ஆனால் அந்த மாதம் கையில் ரொக்கம் வேண்டும். பதிவுள்ளவரிடம் வாங்கும் ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். அதற்குத் தனிப் பதிவு உண்டு. முதல் லோடு வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

3. உலை, எரிபொருள், குரூசிபிள்

குரூசிபிள் மேல் போட்டிருக்கும் எண், ஏறக்குறைய எத்தனை கிலோ பித்தளை பிடிக்கும் என்பதைக் காட்டும். அலுமினியம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். 100 நம்பர் வாங்கிவிட்டு 100 கிலோ அலுமினியம் என்று ஆர்டர் எடுக்காதீர்கள். முப்பது கிலோவை ஒட்டித்தான் வரும். வாங்கும்போது கொள்ளளவு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

குரூசிபிளைச் சாகடிப்பது உபயோகத்தைவிடப் பராமரிப்புக் குறைவுதான். பார்க்க வேண்டியவை:

உலைக்குள் குரூசிபிளைத் தாங்க அடியில் வைக்கும் கட்டை (மரம் இல்லை, வெப்பம் தாங்கும் கல்) குரூசிபிள் அடியின் அகலத்துக்குக் குறையக் கூடாது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கிராஃபைட் தூள் தூவுங்கள். பர்னர் தீ நேராகக் குரூசிபிளை அடிக்கக் கூடாது. கட்டையும் குரூசிபிளும் சேரும் மட்டத்தில், சுவரை ஒட்டிச் சுற்றி வர வேண்டும். நேராக அடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து ஒரு நாள் ஓட்டை விழும்.

புதுக் குரூசிபிளைக் காலியாக வைத்து 200 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து ஈரம் போன பிறகு, முழுத் தீ வைத்துச் சிவக்கும் வரை வேகமாக ஏற்றுங்கள். நடு வெப்பத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால் கிராஃபைட் எரிந்து போகும். இங்காட்டை (வார்த்த உலோகக் கட்டியை) குறுக்கே இறுக்கமாகச் செருகாதீர்கள். சூடானதும் விரிந்து சுவரைப் பிளந்துவிடும். வேலை முடிந்ததும் மீதி உலோகத்தை உள்ளே உறைய விடாமல் இங்காட் அச்சில் ஊற்றிவிடுங்கள். குறடு குரூசிபிளின் வயிற்றுக்குக் கீழே பிடிக்க வேண்டும், விளிம்பைக் கடிக்கக் கூடாது.

எல்பிஜி என்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர் மட்டும். வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி குற்றம். ஒற்றைச் சிலிண்டரில் இவ்வளவு வேகமாக இழுத்தால் அதன் மேல் பனி பூத்து அழுத்தம் இறங்கிவிடும். ஐந்தாறு சிலிண்டரையாவது மேனிஃபோல்டில் (எல்லாவற்றையும் ஒரே குழாயில் இணைக்கும் அமைப்பில்) சேர்த்து, உலையிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள்.

வெப்பம் பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவியை நம்பாதீர்கள். பளபளப்பான அலுமினியத்தின் மேல் அது நூற்றுக்கணக்கான டிகிரி குறைத்துக் காட்டும். உறை போட்ட கே டைப் தெர்மோகப்பிளை (உலோகத்துக்குள் அமிழ்த்தி வெப்பம் பார்க்கும் கம்பியை) உள்ளே விட்டுப் பாருங்கள். கண்ணையும் நம்ப முடியாது: 700 டிகிரி அலுமினியம் பகல் வெளிச்சத்தில் வெறும் வெள்ளித் தண்ணீராகத்தான் தெரியும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் 800ஐத் தாண்டிவிடும்.

4. ஸ்கிராப் பிரிப்பது

காந்தம், அரம், ஒரு சின்னப் பாட்டில் வினிகர், தராசு: இந்த நான்கும் ஸ்கிராப் மூலையில் எப்போதும் இருக்கட்டும்.

அலுமினியம் மாதிரியே இருந்து, கையில் எடுத்தால் அதைவிட லேசாக இருப்பது மக்னீசியமாக இருக்கலாம். அரத்தால் தேய்த்த இடத்தில் வினிகர் விட்டால் நுரைக்கும். அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். உலையில் பிடித்தால் தண்ணீருக்கு அணையாது, தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். அலுமினியம் மாதிரி இருந்து கனமாக இருப்பது துத்தநாக டைகாஸ்டிங். பித்தளைக் குவியலில் தங்க நிறமாக மினுக்கும் அலுமினியம் பிரான்ஸ் கலந்து வரும். கன்மெட்டலுக்கு அது விஷம். அரத்தால் தேய்த்துப் பார்த்தால் பித்தளை மஞ்சளாகவும் கன்மெட்டல் செவ்வோட்டமாகவும் தெரியும். அலுமினியத்தோடு வரும் இரும்பு போல்ட், புஷ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரும்பு மெல்ல மெல்ல அலுமினியத்தில் கரைந்து, காஸ்டிங்கை (வார்த்தெடுத்த பொருளை) உடையும் தன்மைக்குக் கொண்டுவரும்.

வாய் மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், சிலிண்டர் எதையும் வெட்டித் திறக்காமல் உள்ளே போடக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயோ தண்ணீரோ வெடிக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்கு (எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டும் சோதனைக்கு) அனுப்புங்கள். கோவையில் கணபதி, பீளமேடு வட்டாரங்களில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு டெஸ்டின் கட்டணம், திரும்பி வந்த ஒரு லாட்டின் வண்டி வாடகைக்குக்கூட ஆகாது.

5. தீ வைக்கும் முன் ஈரம்

ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் மாட்டினால் மேலே இருக்கும் உலோகம் முழுக்க ஆள் மேல் வரும். மழைக்காலத்தில் வெளியே கிடந்த இங்காட், கழுவி வைத்த கரண்டி, புதிதாகப் பூச்சு அடித்த குச்சி எல்லாவற்றையும் உலை வாயின் ஓரத்தில் வைத்துக் கை வைக்க முடியாத சூடு வந்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஊற்றும் இடத்தில் வெறும் கான்கிரீட் தரை கூடாது. சிந்தினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். உலர்ந்த மணல் பரப்பி வையுங்கள். பருத்திச் சட்டை, தோல் ஏப்ரன், முகக்கவசம், கணுக்காலை மூடும் கயிறில்லாத தோல் பூட்ஸ், கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே. நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செருப்போடு ஒருவரும் உலைப் பக்கம் வரக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. அலுமினியம்: ஹைட்ரஜனைப் பிடியுங்கள்

உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தும் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். உறையும்போது அதில் பெரும்பகுதியை உள்ளே வைத்திருக்க முடியாமல் வெளியே தள்ளும். அந்த வாயு தப்பிக்க வழியில்லாமல் நின்ற இடங்கள்தான் மெஷினிங்கில் தெரியும் பின்ஹோல் (ஊசித் துளை).

முதலில் ரன்னர், ரைசர் (அச்சுக்குள் உலோகம் ஓடும் வழியிலும் உலோகம் ஊட்டும் குழியிலும் உறைந்து நின்றவை) போன்ற சின்ன ரிட்டர்னை, அதாவது காஸ்டிங்கிலிருந்து வெட்டித் திரும்ப உருக்கும் துண்டுகளை உருக்கி அடியில் ஒரு குளம் உண்டாக்குங்கள். பிறகு சூடாக்கிய இங்காட். டர்னிங் சில்லுகளை (லேத்தில் கடையும்போது விழும் சீவல்களை) எண்ணெய் போகக் காயவைத்து, இந்தக் குளத்துக்குள் அமுக்கி விடுங்கள். மேலே தூவினால் பாதி எரிந்து கசடாகும். தீயில் மஞ்சள் நாக்கும் புகையும் தெரிந்தால் காற்று போதவில்லை, வாயு ஏறும். சற்றுக் காற்று தூக்கலாகவே வையுங்கள்.

740, 750 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். வெப்பம் கூடக் கூட ஹைட்ரஜன் ஏறும் வேகம் கூடும். ஊற்ற ஆள் வரவில்லை, அச்சு மூடவில்லை என்று சூட்டிலேயே வைத்திருப்பதுதான் பெரும்பாலான ரிஜெக்ஷனுக்குக் காரணம். அச்சு எல்லாம் மூடித் தயாரான பிறகே உலையைப் பற்றவையுங்கள்.

உருகி முடிந்ததும் 100 கிலோவுக்கு அரை கிலோ கவர் ஃப்ளக்ஸ் (மேலே மூடிக் கசடைப் பிரிக்கும் தூள்) தூவிக் கலக்கி, கசடை வழித்தெடுங்கள். பிறகு வாயு நீக்கம்: உலர்ந்த நைட்ரஜன் அல்லது ஆர்கானைக் கிராஃபைட் குழாய் வழியாக அடி வரை விட்டு, 10 முதல் 15 நிமிடம். மேற்பரப்பு லேசாக நெளிய வேண்டும். கொப்பளித்துத் தெறித்தால் வாயு வேகம் அதிகம். எடுக்கிறதைவிட அதிகமாக ஹைட்ரஜன் உள்ளே போகும். குளோரின் வெளிவிடும் மாத்திரைகள் மலிவுதான், ஆனால் மூடிய கூரைக்குக் கீழே அந்தப் புகையில் நிற்கிறவருடைய நுரையீரலையும் கணக்கில் சேருங்கள்.

டெஸ்ட் எளிது. சூடாக்கிய ஒரு சின்னக் கப்பில் கொஞ்சம் ஊற்றி, அசையாமல் உறைய விட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஓரத்திலிருந்து உறைந்து வந்து நடுப்பகுதி குழிந்தால் நல்லது. நடு மேலே உப்பினாலோ, கடைசியாக உறையும் இடத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வெடித்தாலோ இன்னும் வாயு இருக்கிறது, மறுபடி நீக்குங்கள். அதன் பிறகு கலக்காதீர்கள். மேலே இருக்கும் ஆக்சைடு ஏடுதான் இப்போது மூடி.

மெல்லிய சுவருள்ள காஸ்டிங்குக்கு 730 முதல் 740, தடிமனானதற்கு 690 முதல் 710இல் ஊற்றுங்கள். எல்எம் 6, எல்எம் 25 இரண்டும் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்புக் கலவைகள். எல்எம் 6இல் சிலிக்கானை நயமாக்கச் சோடியம் சேர்த்தால் அது நிற்காது, பதினைந்து இருபது நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். எல்எம் 25 ரிட்டர்னைத் திரும்பத் திரும்ப உருக்கினால் மக்னீசியம் குறையும்; ஹீட் ட்ரீட்மென்ட் ஏறாமல் போவதற்கு முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

7. கன்மெட்டல், பித்தளை

அதிகம் கேட்கப்படும் கன்மெட்டல் 85-5-5-5: செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 சதவீதம். 50 கிலோவுக்குச் செம்பு 42.5, மற்றவை தலா 2.5 கிலோ. துத்தநாகம் கொஞ்சம் பறக்கும் என்பதால் 100, 150 கிராம் கூட்டிப் போடுவது வழக்கம்.

முதலில் செம்பை மட்டும், காற்று சற்றுத் தூக்கலான தீயில் வேகமாக உருக்குங்கள். செம்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இருந்தால் உறையும்போது நீராவியாகிக் காஸ்டிங்கை உப்ப வைக்கும். காற்று தூக்கலாக வைப்பது ஹைட்ரஜனைத் தடுக்க. சேர்ந்த ஆக்சிஜனைப் பிறகு பாஸ்பரஸ் எடுத்துவிடும். 15 சதவீத பாஸ்பர் காப்பர் (பாஸ்பரஸ் சேர்த்த செம்பு) 50 கிலோவுக்கு 80 கிராம் போதும். பாதியைச் செம்பு உருகியதும், வெள்ளீயம் போடும் முன். மீதியை உலையிலிருந்து எடுத்த பிறகு, ஊற்ற இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது, சூடான கிராஃபைட் குச்சியால் அடி வரை கலக்கி. நல்லது என்று கை நிறையப் போட்டால் உலோகம் தண்ணீராகி மண்ணுக்குள் ஊடுருவும். காஸ்டிங்கில் மண் ஒட்டிக்கொண்டு வரும்.

வெள்ளீயம், ஈயம், கடைசியில் துத்தநாகம். 1200 வரை ஏற்றி, சுவரின் தடிமனுக்கு ஏற்ப 1100 முதல் 1180இல் ஊற்றுங்கள். ஈயம் கனமானது, சீராகப் பரவ ஊற்றும் முன் ஒரு கலக்கு அவசியம்.

பித்தளைக்கு வழக்கமாகப் பாஸ்பர் காப்பர் தேவைப்படாது. துத்தநாகமே ஆக்சிஜனை எடுத்துவிடும். அங்கே சிக்கல் வேறு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், நீங்கள் ஊற்றுவதோ 1000 முதல் 1050இல். லேசான வெள்ளைப் புகை இழை எழும்போதே எடுத்துவிடுங்கள். மேற்பரப்பில் தீ பற்றிப் பிரகாசமாக எரிந்து, பஞ்சு மாதிரி வெள்ளைத் துகள் பறந்தால் உங்கள் துத்தநாகம் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கலவையும் மாறிவிட்டது.

அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், உடம்பு வலி வரும். ஓரிரு நாளில் போய்விடும். பால் குடித்தால் தடுக்கலாம் என்று பட்டறைகளில் சொல்வார்கள். தடுக்காது. ஈயப் புகைக்கும் அது மருந்து இல்லை. உலைக்கு மேல் புகை உறிஞ்சும் ஹூட் வைப்பதும் சரியான மாஸ்க் கொடுப்பதும்தான் வழி.

8. சுருக்கமாக மற்றவை

ஈயம்: வீட்டோடு சேர்ந்த இடத்தில் கூடாது. 450க்கு மேல் ஏற்றாதீர்கள். வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் ஈய அளவு பரிசோதனை தேவை. பழைய பேட்டரி உடைத்து உருக்குவதற்கு 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

தங்கம், வெள்ளி: வெண்காரம் போட்டுச் சின்னக் குரூசிபிளில் (பொற்கொல்லர்கள் குகை என்பார்கள்) உருக்குவார்கள். வெள்ளி, உருகிய நிலையில் ஆக்சிஜனை வாங்கி உறையும்போது துப்பும். மேலே கரித்தூள் மூடி வேண்டும். பழைய கேடிஎம் நகையில் (காட்மியம் கலந்த பற்றாசால் பற்றவைத்தது) காட்மியம் இருக்கும். அது 767 டிகிரியில், அதாவது தங்கம் உருகும் முன்பே, கொதித்துப் புகையாகும். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். உறிஞ்சும் அமைப்பு இல்லாத அறையில் அதை உருக்கக் கூடாது.

வார்ப்பிரும்பு: இந்த உலையில் வேண்டாம். 1350, 1400 டிகிரியில் ஊற்ற வேண்டும். குப்போலாவோ (கரி எரியும் உயரமான உலை) மின்சார இண்டக்ஷன் உலையோ வேண்டும். ஆர்டர் வந்தால் ஜாப் ஒர்க் கொடுங்கள்.

9. ஒரு ஹீட்டின் கணக்கு

100 கிலோ அலுமினியத்துக்கு டீசல் உலையில் ஏறக்குறைய 20 லிட்டர். முதல் ஹீட் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், சுவர் சூடான பிறகு அடுத்தடுத்தவை ஒரு மணி நேரத்தை ஒட்டி. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 1,840. சுத்தமான இங்காட்டும் ரிட்டர்னும் என்றால் 3 கிலோ கசடில் போகும். கிலோ 250 என்றால் 750 ரூபாய். மீதி 97 கிலோவில் ரன்னர், ரைசர் போகக் காஸ்டிங்காக வருவது 60 சதவீதம், அதாவது 58 கிலோ. ஆக எரிபொருளும் கசடு நஷ்டமும் மட்டும் காஸ்டிங் கிலோவுக்கு 45 ரூபாய்.

இதையே டர்னிங் சில்லில் செய்தால் 12 கிலோ போகும். சில்லு கிலோ 180 என்றாலும் 2,160. காஸ்டிங் 53 கிலோதான், கிலோவுக்கு 75 ரூபாய். சில்லு மலிவு என்று வாங்கும்போது இந்த 30 ரூபாயைக் கழித்துப் பாருங்கள். உங்கள் ஊரின் இன்றைய விலையை இதே வரிசையில் போட்டு, மேலே மண், கூலி, குரூசிபிள் தேய்மானம், ரிஜெக்ஷன் சேர்த்த பிறகே கொட்டேஷன் கொடுங்கள். உருக்கிய எடையை வைத்து விலை சொல்லிவிட்டால், கொடுத்த எடைக்குத்தான் பில் போட முடியும்.